எத்தனை சிகரெட் என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் இருந்த என் அண்ணன் இரண்டாம் நாள் குழாயைப் பிடுங்கப் பார்த்தார், கையைக் கட்டினார்கள், மயக்க மருந்தைக் கூட்டினார்கள், ஆனால் தினமும் 20 சிகரெட் பிடிக்கிற மனுஷரா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் (வெட்கம்தான், வேறென்ன) சொல்லவில்லை. சிகரெட்டை நிறுத்தியதும், ரத்தத்தில் அதன் நிகோடின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அப்புறம் வரும் தவிப்பும் எரிச்சலும் முதல் 2, 3 நாளில்தான் உச்சத்துக்குப் போகும். வாயில் குழாய் இருப்பவரால் அந்தத் தவிப்பைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கம் மெல்ல முடியாது, நிகோடினைத் தோல் வழியே உள்ளே அனுப்பும் பேட்ச்தான் வழி. சரி, எல்லோருக்கும் ஒட்டிவிடலாமா? அதுவும் இல்லை. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் பேட்ச் ஒட்டியவர்களுக்கே மனக்குழப்பம் அதிகம். தவிப்புக்கு வலி, காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு என்று வேறு காரணங்களும் இருக்கும். முடிவை மருத்துவரே எடுக்கட்டும், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், கடைசியாகப் பிடித்தது எப்போது என்ற கேள்வி மருத்துவமனையில் சேர்க்கும்போது நிரப்பும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்