மாவுக்கடை அக்காவுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

கடைசிப் பாட்டின் மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் வேலை, நேற்று இரவு முடிந்தது. வீட்டிலேயே பதிவு செய்த என் ஆறு பாட்டும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் கூகுள் டிரைவிலும் நகல் எடுத்து வைத்துவிட்டேன். விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனசு நிறைந்து கிடக்கிறது, ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது எனக்கு எல்லாம் போனது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் என்னோடு நின்று சேறு வாரியவர்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது அதற்கு அப்புறம் நடந்ததை, அதிலும் முக்கியமாக ஒருவர் செய்ததை.

பாளையங்கோட்டையில் நான் குடிவந்த மாடி வீட்டுக்குக் கீழே ஒரு மாவுக்கடை. இட்லி, தோசைக்கு மாவு ஆட்டி விற்கும் அக்கா ஒருவர் நடத்துகிறார். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். கடையில் பெரிய டில்டிங் கிரைண்டர் இரண்டு உண்டு. இரவு ஒன்பதுக்குச் சுவிட்சைப் போட்டால் பதினொன்றரை, பன்னிரண்டு வரை ஓடும். விடிகாலையில் தூக்குச்சட்டியோடு வருபவர்களுக்குப் பொங்கிய மாவு வேண்டும். அதற்கு அந்த நேரத்தில் ஆட்டினால்தான் சரியாக வரும்.

எனக்கு வேண்டிய நேரமும் அதுதான். வீட்டில் பாட்டு பதிவு செய்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். இத்தனை பள்ளிக்கூடமும் கல்லூரியும் உள்ள ஊரில் பகல் முழுக்க மணிச் சத்தமும் பஸ் ஹாரனும்தான். சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட், ஏழு மணிக்கு மேல் நாலா பக்கமும் சீரியல். ஒன்பதரை ஆனால்தான் தெரு அடங்கும். அப்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, கொடிக்கயிற்றில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால், குரல் பதிவு செய்ய ஒரு மூலை கிடைக்கும்.

போர்வையும் மெத்தையும் கீச்சுச் சத்தங்களைத்தான் உறிஞ்சும். கிரைண்டரின் அடிச்சத்தம் காற்றில் மட்டும் வருவதில்லை. தூண் வழியாக ஏறி, தரைக்கு வந்து, மைக் ஸ்டாண்டின் காலைப் பிடித்து மேலே வரும். நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் அதை ஒன்று விடாமல் வாங்கிக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை மென்பொருளில் வெட்டிவிடலாமே என்று சில நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கிறது, கீழ் ஸ்தாயிக்குப் போனால் என் குரலும் அந்தப் பக்கம்தான். வெட்டினால் பாட்டு மெலிந்துவிடும். இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறது. அது ஃபேன் மாதிரி ஒரே சீரான சத்தத்துக்குச் சரிப்படும். கிரைண்டருக்கு அரிசி போட்டதும் ஒரு சத்தம், அரைபட அரைபட இன்னொன்று, தண்ணீர் விட்டால் வேறொன்று. அதை நீக்கப் போனால் குரலும் சேர்ந்து குழறிவிடுகிறது.

இதை அக்காமேல் குறையாகச் சொல்லவில்லை. அது அவருடைய பிழைப்பு. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடப்பது. அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. கிரைண்டர் நின்ற பிறகு, பன்னிரண்டுக்கு மேல் பாடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் படிக்கட்டில் பார்த்துக் கேட்டார்: “ஏன் தம்பி, நடுச்சாமத்துல பாட்டு படிக்க? ஒறங்க வேண்டாமா?”

“நீங்க ஆட்டி முடிச்சப்புறம்தான்க்கா அமைதியா இருக்கு” என்றேன். பேச்சுவாக்கில் சொன்னது. அக்கா பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. உளுந்து ஊறப்போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் இரவில் கிரைண்டர் ஓடவில்லை. முதலில் மோட்டார் பழுது என்று நினைத்தேன். மறுநாளும் ஓடவில்லை. கீழே போய் விசாரித்தால், “இனிமே மத்தியானமே ஆட்டிருதேன். ராத்திரி நீ படி” என்றார். சொல்லிவிட்டு, வந்த ஆளுக்கு மாவு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல.

அது பங்குனி. அந்த மாற்றத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது சித்திரை பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நெல்லை வெயிலில் மத்தியானம் ஆட்டிய மாவு சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும், இரவுக்குள் புளித்தே போகும். ஆட்ட ஆட்ட உராய்வில் கல்லும் சுடும். அதனால் உளுந்து ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் விட வேண்டும், ஆட்டியதும் மாவை ஃபிரிட்ஜில் ஏற்ற வேண்டும், ராத்திரி சரியான நேரம் பார்த்து வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு வேலை மூன்று வேலை ஆகிவிட்டது. வெயில் தாங்காமல் ஒரு மத்தியானம் கலர், அதாவது குளிர்பானம், வாங்கக் கீழே போனேன். “இந்த வருசம் கலர் வைக்கல தம்பி” என்றார். பின்னால் ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை மாவு டப்பா. பாட்டில் வைக்க இடமே இல்லை.

அந்தக் கடைக்குக் கோடைகாலத்தில் கலர் விற்கிற காசுதான் கையில் நிற்கும் காசு. வாடகை, கரண்ட் பில் எல்லாம் அதிலிருந்துதான். அதை அக்கா விட்டிருக்கிறார். நான் அதிர்ந்துபோய், பழையபடி ராத்திரியே ஆட்டுங்கள் என்று சொன்னேன். அக்கா கேட்கவில்லை. “உனக்கு வெள்ளத்துல எல்லாம் போயிட்டுன்னு சொன்னாவ. பாட்ட முடி மொதல்ல. பெறகு பாத்துக்கிடுவோம்.”

எனக்கு எத்தனையோ பேர் பணம் தந்தார்கள், பொருள் தந்தார்கள். அதன் மதிப்பு எனக்குத் தெரியும், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாட்டு பதிவு செய்கிறவனுக்கு அமைதியைவிட அரிதான பொருள் இல்லை. நல்ல மைக்கைக் கடன் வாங்கலாம், அமைதியை எங்கே போய் வாங்குவது? ஸ்டுடியோக்காரர்கள் இரட்டைச் சுவர் எழுப்பி, மிதக்கும் தரை போட்டு, லட்சக்கணக்கில் கொட்டி அதை உண்டாக்குகிறார்கள். அக்கா ஒரு சுவிட்சின் நேரத்தை மாற்றி எனக்கு அதைக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒன்பதரைக்கு மைக் முன்னால் உட்காராமல் இருக்க என்னால் முடியவில்லை. வெள்ளத்துக்கு அப்புறம் பாட்டே வராமல் கிடந்தவன் நான். கிட்டாரை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்போது ஒருவர் தன் கடை வருமானத்தைக் கொடுத்து எனக்காக ரெண்டு மணி நேரத்தை வாங்கி வைத்திருக்கிறார். அதை எப்படி வீணாக்குவது? வேலை அங்கேதான் மறுபடி ஆரம்பித்தது. காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது மெட்டைத் தத்தகாரத்தில் முனகிப் போனில் பிடித்துக்கொள்வேன். பகலில் வேலைக்கு நடுவே அதற்குச் சொல் தேடுவேன். பல்லவி சீக்கிரம் விழுந்துவிடும், சரணம்தான் இழுக்கும். இரவில் தாளம் தவறாமல் இருக்க ஹெட்போனில் கிளிக் என்ற டக் டக் சத்தத்தை ஓடவிட்டு ஒரு கிட்டார், அதன்மேல் மாதிரிக்கு ஒரு குரல், பிறகு உண்மையான குரல். ஒரே வரியைப் பல தடவை பாடி, அதில் உயிர் உள்ள இடங்களை மட்டும் எடுத்துக் கோப்பேன்.

அது அக்காவுக்குக் கேட்கும். “நேத்து என்ன, ஒரே வரியப் போட்டு அந்தப் படிப்புப் படிச்ச?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உளுந்து பந்தா பொங்கி வாற வரைக்கும் கல்ல நிறுத்தக் கூடாதுல்லா, அது மாதிரியோ?” என்றார். அதுமாதிரியேதான் அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது பாட்டின் கடைசி வரி கீழே கேட்கவே இல்லை, ஏன் அப்படி முழுங்குகிறாய் என்று அவர்தான் கேட்டார். சோகமான வரி என்பதால் அடக்கிப் பாடியிருந்தேன். மேலே வந்து கேட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி, சொல்லே தேறவில்லை. கிட்டாரில் முதல் கட்டத்தில் கேப்போ என்ற கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை மாட்டி, சுருதியை ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக்கு ஏற்றி, பாட்டை முதலிலிருந்து திரும்ப எடுத்தேன். ஆறில் இப்போது எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதான்.

மற்றவர்களை ஒரே பத்தியில் சேர்த்துச் சொல்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், தனித்தனியாகச் சொன்னால் இன்றைக்கு முடியாது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து “எப்ப முடியுமோ அப்பத் தா” என்ற நாகர்கோவில் நண்பருக்கு, தன் கண்டென்சர் மைக்கைத் தந்த தோழிக்கு, பாட்டு பதிவு செய்யும் ரீப்பர் மென்பொருளுக்கு 60 டாலர் கட்டி உரிமம் வாங்கித் தந்த சென்னை நண்பருக்கு, மானாமதுரைக் கடத்தை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து வாசித்த தம்பிக்கு, உடுக்கை வாசித்துவிட்டுப் பயணச் செலவுக்குக்கூடக் கை நீட்டாத வில்லுப்பாட்டுக் கலைஞர் அண்ணாச்சிக்கு, எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி வாசித்த பாட்டில் கிளிக்கைத் தூக்கிவிட்டோம். அவர் கை ஏறி இறங்கும்போது பாட்டும் கூடவே ஏறி இறங்குகிறது, அதைக் கட்டிப்போட மனசு வரவில்லை. நான் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மெட்டுத் துண்டுகளைத் தேடியெடுத்துத் திருப்பி அனுப்பியவர்களே, போய்விட்டது என்று நினைத்த இரண்டு பாட்டு உங்களால்தான் திரும்பி வந்தது. மாஸ்டரிங்கை, அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டின் ஒலியைக் கடைசியாகச் செம்மை செய்வதை, தானே செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட டொரண்டோ தம்பிக்கும் நன்றி. எல்லாருக்கும் முந்தி, வெள்ளம் வடிந்த மறுநாளே எதையும் கேட்காமல் வந்து நின்றவர்களுக்கு.

நேற்று ராத்திரியே கீழே போய் அக்காவிடம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். “எல்லாம் முடிஞ்சிட்டா? நெசமாவா?” என்று ரெண்டு தடவை கேட்டார். ஹெட்போனைக் கொடுத்தேன். மூன்றாவது பாட்டைத்தான் முதலில் கேட்டார். இன்று முதல் கிரைண்டர் பழைய நேரத்துக்குப் போகிறது. அடுத்த கோடையில் அந்த ஃபிரிட்ஜில் கலர் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு. இனி ராத்திரியில் அந்த வீட்டில் எழுதுவேன், மெட்டுப் போடுவேன். குரல் பதிவுக்கு ஊருக்கு வெளியே ஒரு நண்பரின் தோட்டத்து வீட்டைப் பேசி வைத்திருக்கிறேன்.

கடன் வாங்கிய கருவிகளை இந்த வாரமே உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறேன். சேர்த்து வைத்த பணத்தில் எனக்கென்று ஒரு மைக்கும் இரண்டு உள்ளீடு உள்ள ஒரு இன்டர்ஃபேஸும் வாங்குகிறேன். என் பதிவு இல்லாத நாட்களில் அவை சும்மா கிடக்கக் கூடாது. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் வீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு கருவி இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கலாம். வாடகை கிடையாது. ஸ்டாண்டும் ஒயரும் சேர்த்தே தருகிறேன், எப்படி வைத்துப் பாட வேண்டும் என்று ஒருநாள் வந்து சொல்லியும் தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தம்பி