என் வாசலில் கோலம் போட்ட அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள தெருக்காரர்களுக்கும், மில்லில் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும், உறவுகளுக்கும் வணக்கம்.

கூடாரவல்லி அன்று சாயங்காலம் மகனை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். தன் அக்காவோடு சண்டை போடுகிறான். நடந்ததெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நாளைக்குப் போகி. வீடு ஒட்டடை அடிக்காமல் கிடக்கிறது. கிடக்கட்டும், முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

ராஜபாளையத்திலிருந்து வந்து இரத்தம் கொடுத்துவிட்டு, இரவு ஷிப்டுக்கு ஓடிய ஸ்பின்னிங் பிரிவுத் தம்பிகளே, உங்கள் முகங்கள் எனக்கு என்றும் மறக்காது. கணக்குப் பிரிவில் என் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்த தோழியே, தொழிலாளர்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பணத்தை 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டுமே என்று அந்த நிலையிலும் என் மனத்தின் ஒரு மூலை அரித்துக்கொண்டுதான் இருந்தது. "எல்லாம் கட்டி முடித்துவிட்டேன், நீ பிள்ளையைப் பார்" என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகுதான் அன்று கொஞ்சம் கண் அயர்ந்தேன். என் கணவரைக் கேள்வி கேட்காமல் அனுப்பி வைத்த பால்கோவாக் கடை முதலாளி, அத்தைக்கு வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தனுப்பிய வீடுகள், மகளைச் சிவகாசியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கு அனுப்பிய என் தங்கை, இரவெல்லாம் வந்து வந்து பார்த்த நர்சுகள், கோவில் துளசியைக் கொடுத்தனுப்பியவர்கள், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிய டீச்சர், பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்த பாய், உங்கள் அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

மடலின் மீதியை ஒருவருக்கே எழுதப்போகிறேன். நீங்கள் வருத்தப்படமாட்டீர்கள் என்று தெரியும். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். காலையில் நம் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அக்கா என்றால் போதும்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசல் வெறுமையாகக் கிடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாள் பிறந்த ஊர். விடியுமுன்பே திருப்பாவை ஒலிக்கும். வாளி வைக்கும் சத்தமும் தண்ணீர் தெளிக்கும் சத்தமும் வாசலுக்கு வாசல் கேட்கும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து, எவ்வளவு சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டியிருந்தாலும் மார்கழிக் கோலத்தை நான் விட்டதில்லை. வேலைக்குப் போகும் எனக்கு வழிபாடு என்றால் பெரும்பாலும் அதுதான். ஆடிப்பூரத் தேருக்கு ஒரு நாள், புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, இவை போகக் கோவிலில் நின்று சேவிக்க நேரம் எங்கே இருக்கிறது? குனிந்து புள்ளி வைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆண்டாளிடம் என் சம்பளக் கதை, பிள்ளைகளின் மார்க், அத்தையின் முழங்கால் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பேன்.

இந்த மார்கழியில் அது பாதியில் நின்றது. அத்தைக்குக் கால் மடங்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது, வாசல் வெறிச்சென்று கிடக்குமே என்ற நினைப்பு வந்து வயிற்றைக் கலக்கும். பிள்ளை உள்ளே படுத்திருக்கும்போது எந்தத் தாய்க்கும் சகுன பயம் வரும். அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அத்தை போன் செய்யும்போதெல்லாம், "இன்றைக்கும் கோலம் கிடக்கிறது, எதிர்வீட்டு அம்மா போடுகிறாள் போலிருக்கிறது" என்பார். எதிர்வீட்டு அம்மாவோ, முடியாத காலோடு எங்கள் அத்தைதான் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

காப்பீட்டு அட்டையையும் மாற்றுத் துணியையும் எடுக்க ஒருமுறை இரவுப் பஸ்ஸில் வந்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போதே பஸ் கண்ணாடியில் பனி இறங்கியிருந்தது. தெருவுக்குள் நுழைந்தால், எங்கள் வாசலில் ஒருவர் குனிந்திருக்கிறார். நகராட்சி மேல்சட்டையைக் கழற்றி மடித்து, எங்கள் படியில் வைக்காமல் மின்கம்பத்தின் அடியில் வைத்திருந்தார். கைகால் கழுவிய ஈரம் சேலைக் கரையில் தெரிந்தது. வாசல் தெளித்து, ஏழு புள்ளி வைத்து, இடுக்குப்புள்ளியாக நான்கில் நிறுத்தியிருந்தார். இடது கையில் விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளரில் அவருடைய சொந்தக் கோலப்பொடி. வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து இழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. முடித்ததும் சாணி உருண்டையில் ஒரு பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைத்தார். அதை எந்த வேலியில் தேடிப் பறித்தாரோ!

என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "கேட்காமல் உங்கள் வாசலைத் தொட்டுவிட்டேன் தாயி, மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார்.

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. நம் வீட்டு அழுக்கு அத்தனையையும் தினமும் கையால் வாங்கிப் பிரிக்கிறவர் அவர். அந்தக் கை நம் வாசலைத் தொட அனுமதி கேட்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நம் ஊர்தான் சொல்லிக்கொடுத்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நன்றி மடலில் கோபம் வரலாமா என்றால், இந்த நன்றியோடு அது சேர்ந்தேதான் வருகிறது.

ஏன் அக்கா என்று கேட்டேன். "தினமும் வண்டிச் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, இது மக்கும் குப்பை, இது மக்காத குப்பை என்று எனக்கே பாடம் நடத்துகிற பிள்ளை. அவன் வரவில்லை, விசாரித்தேன். வாசலும் வெறுமையாகக் கிடந்தது. மனம் ஒப்பவில்லை தாயி. வேலைக்குப் போகிற வழிதானே" என்றார். வழி என்று அவர் சொன்னது, மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகுமுன் அரைமணி நேரம் முன்னதாகவே எழுந்து வருவதை.

சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார். தன் கையால் காபி ஆற்றி எடுத்து வந்து, அக்காவைத் திண்ணையில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டு டம்ளரில் இருவரும் குடித்தார்கள். என் அத்தையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அத்தை, உங்களுக்கும் என் நன்றி.

மதுரைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. திருப்பாவையின் முப்பது பாட்டில் ஆறிலிருந்து பதினைந்து வரை பத்துப் பாட்டு, தோழியரை வாசல் வாசலாகப் போய் எழுப்புகிற பாட்டுதான். சின்ன வயதிலிருந்து பாடி வருகிறேன். தூங்குகிறவளை விட்டுவிட்டு அவர்கள் நீராடப் போவதில்லை. எல்லோரும் சேர்ந்தால்தான் நோன்பு. அந்த வராந்தாவில் எனக்கு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. அந்த நாட்களில் என் நோன்பை என் வாசலில் அக்கா நோற்றுக்கொண்டிருந்தார். என் மகன் பிழைத்ததற்கு டாக்டர்களுக்கும் ஆண்டாளுக்கும் நான் சொல்லும் நன்றியில் அக்காவின் பங்கும் இருக்கிறது.

நேற்று அவர் என் மகனைப் பார்க்க வந்தார். பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த சேலையை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். ரொம்பத் தயங்கி ஒன்று கேட்டார். "மில்லில் கணக்கு பார்க்கிறீர்களாமே. சம்பளத்தில் பி.எஃப். என்று பிடிக்கிறார்கள். அது எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்வீர்களா தாயி?"

இதைத்தானே நான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன்! பி.எஃப்.புக்குப் பிடிக்கும் 12 சதவீதம் உங்கள் கணக்கில் மாதாமாதம் ஏறுகிறதா, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா, இவையெல்லாம் கைபேசியிலேயே பார்க்கக்கூடியவை. ஈ.எஸ்.ஐ. பிடிப்பவர்களுக்குக் குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் உண்டு; குழந்தைகளின் பெயரை அதில் சேர்த்திருக்க வேண்டும். என் மகனுக்காக ஆண்டாளிடம் ஏற்கெனவே ஒரு வேண்டுதல் இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்துக்கொண்டுவிட்டேன்: நம் ஊர்த் தூய்மைப் பணியாளர்கள் யார் வந்தாலும், நான் வேலை பார்க்கும் காலம் வரை, இந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பேன்.

தெருக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் ஊசியையும் தாளில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அக்காவின் வலது உள்ளங்கையில் பழைய வெட்டுத் தழும்பை நான் பார்த்தேன்.

அக்கா, பொங்கல் கழித்து வரும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். கூட வேலை பார்ப்பவர்களையும் கூட்டி வாருங்கள். ஆதார் அட்டையும், அதில் பதிவு செய்த நம்பர் உள்ள கைபேசியும் கட்டாயம் வேண்டும். அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்துவிடுங்கள்.