சிரிப்பில் குறையில்லை, அழவைப்பதில்தான் அவசரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. மருத்துவர் சரி என்றதும் முதல் வேலையாகப் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டாய் என்று படித்தபோது, நீ பழையபடி ஆகிவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். இங்கே எல்லாரும் சுகம். மகள் வேலை மாறிவிட்டாள். மாலையில் நேரத்தோடு வந்துவிடுவதால் இருவரும் சேர்ந்து நிறையப் படங்கள் பார்க்கிறோம்.

தமிழ்ப் படங்களில் நகைச்சுவையே செத்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதைக்குச் சம்பந்தமில்லாமல் நடுநடுவே வரும் காமெடி டிராக் போய்விட்டது, உண்மைதான். கவுண்டமணியும் செந்திலும் திரையில் வந்து நின்றாலே அரங்கம் அதிர்ந்த காலத்து ஆட்கள் நாம். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் சிரிப்பு இப்போது கதைக்குள்ளேயே குடியேறிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த ‘குடும்பஸ்தன்’ படத்தைப் பார். வேலை போன ஒருவன் அதை வீட்டில் மறைக்கிறான். அப்பாவுக்கு வீட்டைப் பழுது பார்க்க வேண்டும், அம்மாவுக்கு ஆன்மிகச் சுற்றுலா போக வேண்டும், மனைவிக்கு ஐ.ஏ.எஸ். படிக்க வேண்டும். கடன் மேல் கடன். இதில் எந்த ஆசையும் தவறில்லை, அதனால்தான் அவன் மாட்டிக்கொள்வதைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. குரு சோமசுந்தரம் மாப்பிள்ளை முறுக்கோடு மச்சானை மட்டம் தட்டும் இடங்களில் என் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்பாதியில் கஷ்டங்களை அடுக்கிக்கொண்டே போனதில் எனக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டியது. இருந்தாலும் நல்ல படம்.

என் மனக்குறை வேறு. நம் இயக்குநர்கள் சிரிக்கவைக்கும்போது நம்மை நம்புகிறார்கள், அழவைக்கும்போது நம்புவதில்லை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை எடுத்துக்கொள். இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பத்திடம், அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாதீர்கள் என்று யோகி பாபு எச்சரித்து வைக்கிறார். பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர்கள் அவர்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பயத்தையும் சிரிப்பையும் ஒரே காட்சியில் கொண்டுவந்துவிடுகிறார் இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். முதல் படம் என்று நம்பவே முடியவில்லை. ஆனால் நெகிழ வேண்டிய கட்டம் வந்தால் போதும், வயலின் ஏறிக்கொள்கிறது, யாராவது ஒருவர் நன்மையைப் பற்றி நீளமாகப் பேசத் தொடங்குகிறார். குடும்பத் தலைவராக வரும் சசிகுமாரின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு வசனம் எதற்கு?

‘மெய்யழகன்’ விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. 2024 செப்டம்பரில் வெளியாகி, நீளம் என்ற பேச்சு எழுந்ததும் சுமார் 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். நீளம்தானே அந்தப் படத்தின் உயிர்? தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவனின் பெயர் நினைவுக்கு வராமல் அரவிந்த்சாமி இரவு முழுக்கத் தவிக்கிறார். அந்த ஒருவனாக வரும் கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார். பேச்சு நீள நீளத்தான் அந்தக் குற்ற உணர்வு கனக்கிறது. கடைசியில் பெயர் தெரியாத வெட்கத்தில் விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாரே, அது நமக்கு வலிக்க வேண்டுமானால் அந்த இரவு நீண்டுதான் ஆக வேண்டும். படம் ஆங்காங்கே தன் நல்ல மனதைத் தானே மெச்சிக்கொள்கிறது என்று நீ சொன்னதை மறுக்க மாட்டேன். அதற்கு மருந்து கத்தரிக்கோல் ஆகாது.

‘பார்க்கிங்’ பார்த்துவிட்டாயா? எம்.எஸ். பாஸ்கருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு கண்ணியமான மனிதர்கள் எவ்வளவு கீழே இறங்குவார்கள் என்பதுதான் கதை. பாஸ்கர் முகத்தில் வன்மம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுவதை மட்டும் கவனி.

நீ கட்டாயம் பார்க்க வேண்டியது பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. பின்னணி இசையே கிடையாது. பேச மறுக்கும் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி, பேயோட்டக் கூட்டிப்போகிறார்கள். வழியில் ஒரு மாடு மறித்து நிற்கிறது. அதுவரை மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்கள் ஒருவரும் கிட்டப் போகத் துணியவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இசை இல்லை, வசனத்தில் விளக்கம் இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்த மறுகணமே ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கும் அன்னா பென்னின் முகம் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. நம்மை நம்பி எடுத்த காட்சி அது. நகைச்சுவையா, சோகமா என்று நீ எந்தப் பெட்டியில் போடுவாய் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

கண்ணுக்கு ஓய்வு கொடு. ஒரே மூச்சில் பார்க்காமல் இரண்டு தடவையாகப் பார்த்தாலும் பரவாயில்லை. ஆனால் கைப்பேசியில் மட்டும் பார்க்காதே. பார்த்ததும் எழுது. முடிவைத் தொங்கலில் விட்டுவிட்டார்கள் என்று நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். என் பதில் தயாராக இருக்கிறது.

அன்புடன்,
மூர்த்தி