காலைக் காக்கும் செலவுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

என் மாமியாருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி அது. காலில் புண் வந்தபோதுதான் திண்டாடினோம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கட்டு மாற்றும் செவிலியரே பிரசவத்துக்கும் ஓடுகிறார். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? தனியாரிடம் கைக்காசு கொடுத்தே ஆற்றினோம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே. புண் முற்றி அறுவை சிகிச்சை வரை போனால் பணம் கிடைக்கும். முற்றாமல் காக்கும் அன்றாடக் கட்டுக்குக் கிடைக்காது. இது என்ன நியாயம்?

மருத்துவத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. அந்த இலக்கு எட்டப்படவில்லை. இனி ஒதுக்கும் பணமாவது, புதுக் கட்டடங்களுக்கு முன் செவிலியர் பணியிடங்களுக்குப் போகட்டும்.

ஒரு வாசகி,
பள்ளத்தூர்