அக்காவின் கண்

ஹட்டன்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரமாகிறது. அக்காவை கண் டாக்டரிடம் காட்ட கண்டிக்கு அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை.

அக்காவுக்கு மாலைக்கண் இருப்பது உனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டதும், இருட்டுவதற்குள் லயத்து வீட்டுக்கு ஓடி வருவாளே. இப்போது பக்கப் பார்வையும் சுருங்கிவிட்டது. வாசலில் வைத்த தண்ணீர் வாளியைத் தட்டிவிடுகிறாள். விழித்திரை மெல்லத் தேயும் பரம்பரை நோயாம்.

முதலில் ஓசிடி எடுத்தார்கள், ஒளியை அனுப்பி விழித்திரையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் அது. நாடியைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள விழித்திரை அடுக்கடுக்காகத் திரையில் தெரிகிறது. ஆனால் அது உருவத்தைத்தான் காட்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க, விழித்திரையின் மின்சாரத் துடிப்பை அளக்கும் ஈஆர்ஜி வேண்டும் என்றார்கள். 20 நிமிடம் இருட்டில் உட்கார வைத்து, மரக்க மருந்து விட்டு, கண்ணைத் தொடுகிற மாதிரி மெல்லிய இழை ஒன்றை வைத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே! அப்படியும் அது பெரும்பாலும் முழுக் கண்ணின் கூட்டுக் கணக்குத்தான். மலையில் இன்று மொத்தம் எத்தனை கிலோ என்று சொல்லும், யார் கூடையில் குறைந்தது என்று சொல்லாது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடி வாசித்தேன். இன்னொரு வழியும் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும், அதை உணரும் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஒரு கணம் சுருங்கி, பிறகு நீள்கின்றனவாம். நீளும் அளவு ஒரு தலைமயிர்த் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கு! திரும்பி வரும் ஒளியலையின் சிறு நகர்வை வைத்து அதை ஓசிடியாலேயே அளக்கிறார்கள். 2016இல் ஜெர்மனியின் லூபெக்கில் ஒரு குழு உயிருள்ள மனிதக் கண்ணிலேயே இதைப் படம் பிடித்தது. கண்ணை எதுவும் தொடுவதில்லை, எந்தச் செல் வெளிச்சத்துக்கு விடை சொல்கிறது என்றுகூடப் பார்க்கலாம். கண் இம்மியளவு அசைந்தாலும் அளவு கெட்டுப்போகிறது, அதனால் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. சீக்கிரம் இங்கே வரவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஏனென்றால் அக்கா மகளையும் ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு 12 வயதுதான். இழை என்றதுமே அழுகிறாள்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது. அவளே எழுந்துபோய், எதிலும் முட்டாமல், அலமாரியிலிருந்து மெழுகுதிரியை எடுத்து வந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
புஷ்பா