கோமாவில் கவுன்சிலர்

அன்புள்ள கேசவா,

திட்டு, ஆனால் படித்து முடித்த பிறகு திட்டு. பொங்கலுக்கு நீ அனுப்பிய அந்தப் படத்துக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. சீரியலில் தங்கச் சங்கிலியும் முறுக்கிய மீசையுமாக நான் நிற்கிற படத்தை வெட்டி, கீழே 'ஏழாம் வார்டின் விடிவெள்ளி' என்று எழுதியிருந்தாயே, அது. பார்த்துச் சிரித்தேன், சுமதியிடம் காட்டினேன், நாளைக்குப் பதில் போடலாம் என்று வைத்தேன். பத்து மாதம் ஓடிவிட்டது.

வீட்டில் எல்லாரும் நலம். சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. பெரியசாமி வாத்தியார் இன்னும் உன்னைக் கேட்கிறார், இன்னும் அந்தத் தாடிக் கதையைச் சொல்கிறார், இன்னும் தாடி ஒட்டியது நான் என்றே சொல்கிறார். நீதான் ஒட்டினாய் என்பதை நம் காலத்துக்குள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை உன் எண்ணை எடுத்து, அடிக்காமல் வைத்துவிட்டேன்.

2022 பிப்ரவரியில் சுயேச்சையாகப் பதினோரு ஓட்டில் ஜெயித்தேனே, அன்றைக்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "டேய், இது அஞ்சு வருஷ நாடகம், நடுவுல திரை விழாது" என்றாய். நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுக்கிற ப்ராம்ப்டர் புத்தி. அப்போது எனக்கு சீரியலில் மாதம் இரண்டு மூன்று நாள்தான் வேலை. பெண்ணுக்கு அப்பா, நீதிபதி, இல்லாவிட்டால் 'இருபத்துநாலு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்' என்கிற டாக்டர். வார்டையும் அதையும் சேர்த்துப் பார்ப்பதில் கஷ்டம் இல்லை. போன வருடம்தான் இந்தக் கருணாகரன் வந்து சேர்ந்தான்.

நான் நிஜமாகவே கவுன்சிலர் என்பது அங்கே யாருக்கோ தெரிந்துபோய், 'அப்ப சாரே பண்ணட்டும், நேச்சுரலா இருக்கும்' என்று ஊழல் கவுன்சிலர் வேடத்தைக் கொடுத்துவிட்டார்கள். நாலு நாள் வேடம். ஜனங்களுக்கு அவனைத் திட்டப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, நாலு நாள் எட்டாகி, எட்டு பன்னிரண்டாகிவிட்டது. பணத்தைப் பற்றி உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினருக்கு அரசாங்கம் மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் தருகிறது. அதை கருணாகரன் அரை நாளில் சம்பாதித்துவிடுவான். வீட்டுக் கடனைக் கட்டுவதும் அவன்தான்.

காட்சிக்குக் காட்சி முகம் மாறக் கூடாது என்கிற கண்டினியூட்டிக்காக மீசையை எடுக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகஸ்ட் 15 அன்று தொடக்கப் பள்ளியில் கொடியேற்றப் போனேன். முதல் வரிசையில் இருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதுவிட்டது. ரேஷன் வரிசையில் பெண்கள் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள்: "சீரியல்ல போன் போட்டா உடனே லாரி வருது, இங்க போன் போட்டா நீங்களே வர மாட்டேங்கறீங்களே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். நானும் சிரித்தேன்.

ஐப்பசி மழையில்தான் அந்தச் சிரிப்பு நின்றது.

ரேஷன் கடை முக்கில் சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப் உடைந்திருந்தது. எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாகத் தெரியும். செயல் அலுவலரிடம் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க நினைத்திருந்த செவ்வாய்க்கிழமை நான் செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சீரியலில் டப்பிங் கிடையாது, ஸ்பாட்டிலேயே குரல் பதிவு. அதனால் ஷூட்டிங் ஹவுஸுக்குள் நுழைந்ததும் எல்லார் போனையும் அணைத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவார்கள். புதன் இரவு பதினொன்றரைக்குத்தான் என் போன் கைக்கு வந்தது. பத்தொன்பது அழைப்பு.

மழையில் தெரு முழுக்கத் தண்ணீர். சிலாப் எங்கே, ஓட்டை எங்கே என்று தெரியாமல் பூக்காரக் கனகம் பாட்டி கால் வைத்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எட்டாம் வார்டுக்காரர் டார்ச்சோடு ஓடிவந்து, 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டிருக்கிறார். அவரைத்தான் நான் மன்றக் கூட்டத்தில் வாய்ச்சொல் வீரர் என்று நக்கலடிப்பேன்.

அந்த நேரத்தில் நான் என்ன காட்சியில் இருந்தேன் தெரியுமா? கதை கட்டுகிறேன் என்று நினைக்காதே. கருணாகரன் சோபாவில் சாய்ந்திருக்கிறான். போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு வேற வேலை இல்ல" என்று கட் பண்ணுகிறான். மூன்று டேக். மூன்றாவதில் டைரக்டர் கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாட்டி என்னைத் திட்டுவார் என்று பஸ்ஸில் போகும்போதே நாலு விதமாகப் பதில் தயார் பண்ணிக்கொண்டு போனேன். எதற்கும் வேலை இல்லை. அவருக்கு என் மேல் கோபமே இல்லை, கேசவா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து அந்தப் பொண்ணு வீட்டை எழுதி வாங்கிட்டியே, பாவி, அவ என்ன ஆவா?" என்று கேட்டார். வார்டில் இருக்கும் டிவியில் பார்த்திருக்கிறார். நான் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

உடனே நீ உன் தலைவர் எம்.ஜி.ஆரை இழுப்பாய் என்று தெரியும். இழு. நானும் இந்த ஒரு மாதமாக அவரையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1967இல் பரங்கிமலையில் ஜெயித்த நாளிலிருந்து கிட்டத்தட்ட ஒன்பது வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே படம் மேல் படம் நடித்தார், யாரும் கேட்கவில்லை. 1977 ஜூன் 30இல் முதலமைச்சராகப் பதவியேற்றார், அதோடு அரிதாரத்தைக் கழுவிவிட்டார். பதவியேற்பதற்கு முன் கிடைத்த சில நாளில் படத்தின் மிச்ச வேலையை முடித்தார் என்று உன் அப்பா சொல்வாரே. அந்தப் படத்தைத்தான் 1978 பொங்கலுக்கு அவரோடு தரை டிக்கெட்டில் பார்த்தோம். கோட்டையில் கையெழுத்துப் போடுகிறவர் திரையில் கத்தி வீசிக்கொண்டிருந்தார். நமக்கு அது ஒரு முரண்பாடாகவே படவில்லை, விசிலடித்தோம்.

என் ஆள் எஸ்.எஸ்.ஆர். என்று உனக்குத் தெரியும். 1962இல் தேனியில் ஜெயித்து, இந்தியாவிலேயே சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் நடிகர் என்று பெயர் வாங்கியவர். அதை வைத்து உன்னிடம் எத்தனை சண்டை போட்டிருப்பேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. 1964இல் பூம்புகார் படத்தில் கோவலனாக நடித்தபோதும் அவர் எம்.எல்.ஏ.தான். தொகுதிக்காரர் யாராவது போய், "ஐயா, எங்க தெருவுல தண்ணி வரலை, நீங்க மாதவி வீட்டுல இருக்கீங்களே" என்று கேட்டிருப்பாரா?

ஆந்திராக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட தைரியசாலிகள். என்.டி.ஆர். 1983இல் முதலமைச்சரானார், 1984இல் வீரபிரம்மேந்திர சுவாமியாக அவர் நடித்த படம் வருகிறது. இப்போது பவன் கல்யாண் 2024 ஜூனிலிருந்து துணை முதலமைச்சர். 2025 ஜூலையில் ஒரு படம், செப்டம்பரில் ஒரு படம். விஜயவாடாவிலேயே செட் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு யார் நம் ரேஷன் கடை முக்கில் ஷூட்டிங் ஹவுஸ் கட்டித் தருவார்கள்? இந்தப் பக்கம் உதயநிதி, 2022 டிசம்பரில் அமைச்சரானதும் மாமன்னன் படத்தோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். கட்சி பார்க்காமல் சொல்கிறேன், அது ஒரு தெளிவான வழிதான். எனக்குத்தான் வீட்டுக் கடன் இருக்கிறது.

2025 அக்டோபரில் சுரேஷ் கோபி பேசியதைப் பார்த்தாயா? மத்திய இணை அமைச்சர், மேடையிலேயே, அமைச்சரான பிறகு வருமானம் குறைந்துவிட்டது, நடிக்கப் போக வேண்டும் என்கிறார். ஊரே சிரித்தது. சுமதியும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மனுஷன் உண்மையைச் சொல்கிறார், அதை ஏன் மேடையில் சொன்னார் என்பது வேறு விஷயம். நடிகனுக்கு ஓய்வூதியம் இல்லை. ஆறு மாதம் முகம் தெரியாவிட்டால் மேனேஜர் வேறு ஆளைக் கூப்பிடுவார்.

எல்லாரையும்விட என்னை உறுத்துவது அந்த வெள்ளைக்காரம்மா, கிளெண்டா ஜாக்சன். இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். 1992இல் லண்டனில் எம்.பி. ஆனார், நடிப்பை அப்படியே விட்டார். 2015 வரை 23 வருடம். பிறகு 2016இல், 80 வயதில், மேடை ஏறி லியர் அரசராக நடித்தார். ராணியாகக்கூட இல்லை, ராஜாவாக. படிக்கும்போது உடம்பு சிலிர்த்தது. ஆனால் எனக்கு 23 வருடம் கழித்து யார் காத்திருப்பார்கள்? பெரியசாமி வாத்தியாரைத் தவிர.

நேரத்தைப் பங்கு போடுவது பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. எம்.எல்.ஏ. ஒருவர் அனுமதி இல்லாமல் 60 நாள் அவைக்கு வராவிட்டால் அவர் இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம், அரசியல் சட்டம் 190ஆம் பிரிவு. எங்கள் மன்றக் கூட்டம் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் நான்தான் முதல் மாணவன். அந்தப் புதன்கிழமை இரவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சரி, என்ன செய்தேன் என்று கேட்பாய். அசோசியேட் டைரக்டர் தம்பியிடம் போய், கருணாகரனை முடித்துவிடுங்கள் என்றேன். படத்துக்கு மாலை போட்டுவிடலாமா என்று கேட்டான். வீட்டில் வந்து சொன்னதும் சுமதி தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். எனக்குப் போட்ட மாலையை அவள் தினமும் ஏழரை மணிக்குப் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். நியாயம்தான். மறுபடி போனேன். மூன்று பேர் அரைமணி நேரம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கருணாகரன் மேல் லாரி மோதுகிறது, கோமாவுக்குப் போகிறான். மாதம் ஒரு நாள் வந்து, மூக்கில் குழாயோடு படுத்துவிட்டுப் போனால் போதும். சம்பளம் ஒரு நாளுக்கு. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறான், வேடம் என் பெயரில் இருக்கிறது.

உன் தலைவர் 1967லும் 1984லும் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்தார் என்று மார்தட்டுவாயே, நான் படுத்துக்கொண்டே நடிக்கிறேன், போ. "வீட்டுல தினமும் சும்மா பண்றதுக்குச் சம்பளமா?" என்று சுமதி கேட்டாள்.

போன வாரம் முதல் கோமா நாள். டைரக்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எனக்குத்தான் வசனம் இல்லையே. மனைவியாக நடிக்கிற அம்மா என் காலைப் பிடித்து அழுகிறார், காமிரா என் முகத்துக்கு வருகிறது, போன் அதிர்ந்தது. என் கண் இமை ஆடிவிட்டது. கட் சொல்வார்கள் என்று பார்த்தால், அந்த அம்மா ஒரு விநாடிகூட யோசிக்காமல், "ஐயோ, என்னங்க, கண்ணு அசையுது! டாக்டர்!" என்று அலறிவிட்டார். யூனிட்டே ஆடிப்போய்விட்டது. டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வைத்துக்கொண்டார்.

போன் பண்ணியது டேங்க் ஆப்பரேட்டர். நாலாவது தெரு வால்வு இறுகிப்போய்த் திறக்கவில்லையாம். படுக்கையில் குழாயோடு உட்கார்ந்தபடியே ஆள் அனுப்பினேன். அன்று சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது என்ன சிக்கல் என்றால், கண் அசைந்த எபிசோடுக்குப் பிறகு கருணாகரன் சீக்கிரமே எழுந்துவிடுவான் போலிருக்கிறது. நினைவு தப்பி, புத்தி மாறி, நல்லவனாக எழுந்து வருகிறானாம். நல்ல கவுன்சிலர். பெரிய வேடம், மாதம் பதினைந்து நாள். அசோசியேட் தம்பி நேற்று போனில் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கியது. சந்தோஷத்திலா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷத்தில்தான். முப்பத்தைந்து வருடமாக இந்த மாதிரி ஒரு வேடத்துக்காகக் காத்திருந்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். என் பதவிக்காலம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நீ எப்போதும் நான் வசனம் மறந்து நிற்கும்போதுதான் வாயைத் திறப்பாய். இப்போது அப்படித்தான் நிற்கிறேன். ஏதாவது சொல்.

உன்,
முத்து

பி.கு.: சிலாப் மாற்றியாயிற்று, இந்த முறை எழுதிக் கொடுத்து, ரசீதும் வாங்கி, பக்கத்தில் நின்று போட வைத்தேன். கனகம் பாட்டி வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். கருணாகரன் பிழைப்பானா என்று கேட்டார். கதையை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.