பைன் படிகளும் உன் அப்பாவின் அரக்குக் குப்பியும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சுந்தரம்,

பொங்கல் வாழ்த்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள், நியாயம்தான். இங்கு அனைவரும் நலம். மீனாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்மீதுள்ள கோபம் குறையவில்லை. காரணம் மாடிப்படி.

நூறு வயது கடந்த இந்த வீட்டின் படிக் கம்பளத்தை ஆகஸ்டில் உரித்தெடுத்தேன். அடியில் ஓக் மரம் இருக்கும் என்று எதிர்பார்த்தது என் பேராசை. அந்நாளில் இங்கே சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டிய வீடுகளில், பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வந்த பைன் பலகையைப் பொருத்தி, நடுவில் கம்பளம் விரித்து, வெளியே தெரியும் இரு ஓரங்களுக்கு மட்டும் கறுப்பாக வண்ணம் அடித்துவிடுவார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாளை எடுக்காமல், பெயின்டை இளக்கும் களிம்பு தடவி, ஊறவைத்து, ஈரத்தோடு சுரண்டினேன். பதின்மூன்று படிகளுக்கு இரண்டு வாரம் போயிற்று. வைரம் பாய்ந்த தேக்குப் படியில் ஏறி இறங்கும் உனக்கு இந்த வேதனை எங்கே புரியப்போகிறது!

வெறும் மரம் தெரிந்ததும் எண்பதாம் எண் உப்புத்தாளில் தொடங்கி நூற்றிருபதில் முடித்தேன். பிறகு ஆர்வக்கோளாறில், அடர்பழுப்புச் சாயத்தை நேராகப் பூசிவிட்டேன். பைன் மரத்தில் வசந்த காலத்தில் வளர்ந்த பகுதி வெளிறி, மெத்தென்று இருக்கும். கோடையின் பிற்பகுதியில் வளர்ந்த ரேகை கறுத்து, இறுகி இருக்கும். மெத்தென்ற பகுதி சாயத்தைக் குடித்துக் கறுத்துப்போக, இறுகிய ரேகையோ குடிக்க மறுத்து வெளிறி நின்றது. புகைப்படச் சுருளில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரியுமே, அப்படி மரமே தலைகீழாகிவிட்டது. போதாக்குறைக்கு ஆங்காங்கே திட்டுகள் வேறு. கல்லூரி நாடகத்தில் நீ போட்ட ராஜா வேஷந்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சுந்தரம், இதை மட்டும் விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். அன்று சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி, ஓர் அட்டைப்பெட்டியில் திணித்து, படிக்கட்டின் அடியில் வைத்திருந்தேன். மாலையில் தற்செயலாகக் கை பட்டபோது அந்தச் சுருள் சூடாக இருந்தது. சாயத்தில் இருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும்; குவித்து வைத்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றிவிடக்கூடும். மாடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கிவர இந்தப் படியைத் தவிர வேறு வழி கிடையாது. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு துணியையும் தோட்டத்துக் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுகிறேன்.

மறுநாள் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, உன் அப்பா பட்டறையில் அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்திருந்த குப்பி கண்முன் வந்தது. அதைச் சர்பத் என்று நினைத்து நம் பாண்டி கைவைத்த நாளும்தான். அந்த அரக்கே இங்கும் விற்கிறது, மெழுகு நீக்கியதாகக் கேட்டு வாங்க வேண்டும். மெழுகு இருந்தால் மேலே அடிக்கும் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. அதே அளவு ஸ்பிரிட் கலந்து நீர்க்கச் செய்து, ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்ததும் மெல்லத் தேய்த்து, அதன்மேல் கூழ்ச் சாயத்தைத் தடவினேன். மரத்தின் தாகம் முன்கூட்டியே தணிந்திருந்ததால் நிறம் ஏறக்குறைய ஒரே சீராகப் படிந்தது. நினைத்ததைவிட வெளிர்தான், ஆனால் மரம் மரமாகத் தெரிகிறது.

ஏறி இறங்க வழி வேண்டுமே என்று ஒற்றைப்படைப் படிகளை மட்டும் முதலில் முடித்து, மூன்று பூச்சு வார்னிஷும் அடித்தாயிற்று. அவை காயும்வரை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கால் எட்டிவைத்து ஏறியதில்தான் மீனாவின் கோபம். மீதி ஆறிலும் பெரிய பெரிய கணுக்கள் இருக்கின்றன. அரக்கு பூசியும் ஒன்றில் பிசின் கசிகிறது. இதற்கு அப்பா என்ன செய்வார் என்று கேட்டு எழுது. உன் பதில் வரும்வரை நான் அவற்றைத் தொடப்போவதில்லை. எங்கள் மாடிப்படி அதுவரை வரிக்குதிரையாகவே நிற்கும், பழி உன்மேல்.

உன்,
ராமு